சிவப்பு விளக்கை மாற்றலாமா?

கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அருகே என் வீடு. கார்த்திகை மாதத்து இரவுகளில் பனிமூட்டம் சன்னல் கம்பி வரை வந்து நின்றுவிடும். எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியாது. அந்த நேரத்தில்தான் மேசையில் இருக்கும் பிபிசி மைக்ரோ கணினியின் சுவிட்சைப் போடுவேன். தாழ்ந்த சுருதியில் ஓர் ஒலி, அதை முடித்துவைப்பதுபோல் ஒரு சின்ன பீப். விசைப்பலகையின் இடது கீழ்ப்பக்கத்தில், ஸ்பேஸ் பாருக்கு அருகே, குன்றிமணி அளவில் ஒரு சிவப்புப் புள்ளி எரியத் தொடங்கும். அது கேப்ஸ் லாக் விளக்கு. இந்தக் கணினிக்குக் கரண்ட் வந்துவிட்டது என்று சொல்லத் தனி விளக்கு கிடையாது. காசெட் மோட்டார், கேப்ஸ் லாக், ஷிப்ட் லாக் என்று மூன்றே விளக்குகள், மூன்றும் சிவப்பு. இயந்திரம் விழிக்கும்போது கேப்ஸ் லாக் தானாக எரிவதால், உயிர் இருக்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம்.

பழைய வீட்டுக் கணினிகளைப் பழுது பார்த்து வைத்திருப்பவர்களிடையே நெடுநாளாக இருக்கும் கேள்வி இந்த விளக்கைப் பற்றியதுதான். சிவப்பைக் கழற்றிவிட்டுப் பச்சையோ மஞ்சளோ நீலமோ வைக்கலாமா? ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று சென்னை ரிச்சி தெருவில் என்னிடம் ஒரு கடைக்காரர் கேட்டார். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. இந்த ஒரு கேள்விக்குள் மின்னியல் இருக்கிறது, எல்.இ.டி. என்ற பொருளின் வரலாறு இருக்கிறது, நம் நாட்டுப் பள்ளிகள் கணினியை முதன்முதலாகத் தொட்ட கதையும் இருக்கிறது.

கதையிலிருந்தே தொடங்கலாம். கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம், பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக 1981 டிசம்பரில் வெளியிட்ட இயந்திரம் பிபிசி மைக்ரோ. 6502 வகைச் செயலி, 2 மெகாஹெர்ட்ஸ் வேகம், பி மாடலில் 32 கிலோபைட் நினைவகம். இன்று ஒரு புகைப்படத்தைக்கூட அதற்குள் அடக்க முடியாது. ஆனால் நாமே நிரல் எழுதலாம், அச்சு இயந்திரம் இணைக்கலாம், வெளியே ஒரு மோட்டாரையோ விளக்கையோ இயக்கலாம். 1984இல் இந்திய அரசு பள்ளிகளுக்காகக் ‘கிளாஸ்’ என்ற கணினி அறிவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் சுற்றில் 250 பள்ளிகளுக்குப் போனது இந்த இயந்திரம்தான். பிறகு மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் லிமிடெட், உரிமம் பெற்று இதை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. வேறொரு பக்கம், டெசிபல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரம் பிளஸ் கணினியை 1986இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விளக்கைப் பற்றிய நம் விசாரணையில் ஸ்பெக்ட்ரத்துக்கு வேலையில்லை. அதில் மாற்றுவதற்கு விளக்கே கிடையாது.

ஆக, நம்மில் ஒரு தலைமுறை முதன்முதலாகக் கண்ட கணினியின் முகத்தில் இருந்தவை அந்த மூன்று சிவப்புப் புள்ளிகள். கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்சாதனக் காற்றில் கைகளைக் கட்டிக்கொண்டு, ஓர் இயந்திரத்தை நாலைந்து பேர் சுற்றி நின்று பார்த்த பிள்ளைகள் நாங்கள். தட்டச்சு செய்யும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. விளக்கு எரிவதை எல்லோரும் பார்க்கலாம்.

அந்த விளக்குகள் என்ன செய்தன என்பதைச் சொல்லாமல் நிறத்தைப் பேசுவது சரியல்ல. கேப்ஸ் லாக், ஷிப்ட் லாக் விளக்குகள் விசையோடு நேராக இணைந்தவை அல்ல. விசையை அழுத்தியதை மென்பொருள் தெரிந்துகொள்கிறது; அது 6522 என்ற சிப் வழியாக 74எல்எஸ்259 என்ற இன்னொரு சிப்புக்குச் சொல்கிறது; அந்தச் சிப்பின் 6ஆம், 7ஆம் வெளியீடுகள் விளக்குகளை ஏற்றி அணைக்கின்றன. எனவே நிரல் எழுதுபவர் நினைத்தால் விசையைத் தொடாமலேயே விளக்கை மினுக்கலாம். காசெட் மோட்டார் விளக்கு இன்னும் சுவையானது. ‘மோட்டார் 1’ என்று ஒரு நட்சத்திரக் குறியோடு தட்டினால், பெட்டிக்குள் ஒரு ரிலே ‘டிக்’ என்று சத்தமிடும், கூடவே விளக்கு எரியும். டேப்ரிக்கார்டர் ஓட ஆரம்பிக்கும். ‘0’ என்று மாற்றித் தட்டினால் மறுபடி ஒரு ‘டிக்’, விளக்கு அணையும். எழுதிய சொல்லுக்கு ஒரு பொருள் கீழ்ப்படிகிறது என்பதைக் காதும் கண்ணும் ஒரே நொடியில் அறிந்த இடம் அது. பிள்ளைகளுக்குக் கணினி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க இன்றும் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஏன் எல்லாம் சிவப்பு? அழகுக்காக யாரும் தேர்ந்தெடுத்ததல்ல. அந்தக் காலத்தில் மலிவாகவும் நன்றாகவும் கிடைத்தது சிவப்பு. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் நிக் ஹோலோனியாக் 1962இல் கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்துகாட்டினார். அதன் நிறம் சிவப்பு. 1968 வாக்கில் மான்சாண்டோ நிறுவனம் சிவப்பு எல்.இ.டி.களைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. ஹோலோனியாக்கின் மாணவர் ஜார்ஜ் கிராஃபோர்ட் 1972இல் மஞ்சளைக் கொண்டுவந்தார். காலியம் பாஸ்பைடிலிருந்து மஞ்சள் கலந்த ஒரு பச்சையும் கிடைத்தது. நீலம்தான் கடைசிவரை கைக்கு வராமல் இருந்தது. 1980களின் இறுதியில் மங்கலான நீல எல்.இ.டி.கள் விற்பனைக்கு வந்தன; அவற்றை விளக்கு என்று சொல்லத் தயக்கமாக இருக்கும். ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீலத்தை 1993இல் அறிவித்த பிறகே நிலைமை மாறியது. அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

இந்த வரிசை என் பார்வையில் மிக முக்கியமானது. 1981இல் பிறந்த ஒரு கணினியில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் இருந்திருக்கலாம். நீலம் இருந்திருக்க வழியே இல்லை. நீல விளக்கோடு ஒரு பிபிசி மைக்ரோவைப் பார்த்து வளரும் பிள்ளை, அந்தக் காலத்தில் நீல எல்.இ.டி. இருந்தது என்று தவறாகக் கற்றுக்கொள்ளும். மூன்று பேர் வாழ்நாளைக் கொடுத்துச் சாதித்தது அந்தப் பிள்ளையின் கண்ணில் முன்பே இருந்த ஒன்றாகிவிடும்.

நிறத்தை மாற்ற விரும்புகிறவர்களின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்கள் எல்லோரும் அலங்காரப் பிரியர்கள் அல்ல. மூன்றும் ஒரே சிவப்பாக அடுத்தடுத்து இருப்பதால் எது எரிகிறது என்று எழுத்தைக் குனிந்து படித்தால்தான் தெரியும். மோட்டாருக்கு மஞ்சள், கேப்ஸ் லாக்குக்குப் பச்சை என்று பிரித்தால் தூரத்திலிருந்தே புரியும். தொழிற்சாலைகளில் இதற்கென்றே சர்வதேசத் தரம் உண்டு: சிவப்பு ஆபத்து, மஞ்சள் எச்சரிக்கை, பச்சை இயல்பு. ஆனால் இந்த இலக்கணம் எல்லா இடத்திலும் செல்லாது. நம் வீட்டு சுவிட்ச் போர்டில் சிவப்பு இண்டிகேட்டர் எரிந்தால் ஆபத்து என்றா நினைக்கிறோம்? ‘கரண்ட் இருக்கு’ என்றுதான் நினைக்கிறோம். மலையடிவாரத்தில், சேந்தமங்கலம் பக்கத்துத் தோட்டங்களின் மோட்டார் ரூமைத் திறந்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று விளக்குகள் வரிசையாக இருக்கும். அவை மூன்று ஃபேஸ்களின் அடையாளம். ஒன்று எரியவில்லை என்றால் ஒரு ஃபேஸ் போய்விட்டது, மோட்டாரைப் போடக்கூடாது என்று படிக்காத விவசாயிக்கும் தெரியும். பழகிய கண்ணும் பழகிய இடமும்தான் ஒரு விளக்குக்குப் பொருள் தருகின்றன. அந்த வகையில் பார்த்தால், சிவப்பு எரிந்தால் உயிர் இருக்கிறது என்ற பிபிசி மைக்ரோவின் மொழி நமக்கு அந்நியமே அல்ல.

சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்கள் ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு உண்டு. அவர்களுக்குச் சிவப்பு, பச்சை என்று பிரிப்பது எந்த உதவியும் செய்யாது. விளக்கு இருக்கும் இடம்தான் உதவும். நிறத்தை மாற்றினால் எல்லோருக்கும் தெளிவாகும் என்ற வாதம் இங்கே பாதி வலுவிழக்கிறது.

இரவில் பார்க்கும் கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருட்டுக்குப் பழகிய கண்ணின் செல்களை ஆழ்ந்த சிவப்பு அதிகம் தொந்தரவு செய்யாது. நீலம் அப்படியல்ல, இருட்டுப் பார்வையை உடனே கலைத்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் என் கணினியின் கேப்ஸ் லாக் விளக்கு மங்கிப்போனபோது, கையில் இருந்த ஒரு நீல எல்.இ.டி.யைப் பொருத்தினேன். அன்று இரவு பனி அறைக்குள்ளும் கசிந்திருந்தது. சுவிட்சைப் போட்டதும் விசைப்பலகைக்கு மேலே ஒரு நீலக் கூம்பு எழுந்து உத்தரம் வரை போனது. திரையில் இருந்த எழுத்தைப் படிக்க, விளக்கின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்ட வேண்டியிருந்தது. மறுநாளே சிவப்பைத் தேடினேன். பழைய விளக்கைக் குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டிருந்தேன். அந்த இழப்பு இன்றும் எனக்கு வலிக்கிறது.

புதுச் சிவப்பைப் பொருத்தியபோது இன்னொன்று தெரிந்தது. சிவப்புக்குச் சிவப்பு வைத்தாலும் அது பழைய சிவப்பு ஆகாது. அன்றைய எல்.இ.டி.யின் மூலப்பொருள் காலியம் ஆர்சனைடு பாஸ்பைடு. அதன் ஒளி ஆழ்ந்த, சற்று இருண்ட சிவப்பு. இன்று கடையில் கிடைக்கும் பிரகாசமான சிவப்பு பெரும்பாலும் வேறு கலவை, ஆரஞ்சை ஒட்டிய நிறம், பலமடங்கு வெளிச்சம். எனவே ‘நிறத்தை மாற்றுவதா, வேண்டாமா’ என்று கேட்பதே முழுமையான கேள்வி அல்ல. பழுதானதை மாற்றும் எவரும் ஏதோ ஓர் அளவில் நிறத்தை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார். கடையில் கேட்கும்போது ‘டிஃப்யூஸ்டு’ வகை, அதாவது உடல் முழுதும் சிவப்பாகக் கலங்கலாக இருக்கும் விளக்கைக் கேளுங்கள். கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் வகை வேண்டாம்.

வெளிச்சத்தை அடக்குவது ரெசிஸ்டரின் வேலை. கணக்கு எளிது. 5 வோல்ட் மின்னழுத்தத்தில், சிவப்பு எல்.இ.டி. தனக்கென்று ஏறத்தாழ 1.9 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும்; மீதி 3.1 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழும். உதாரணத்துக்கு 470 ஓம் என்று வைத்துக்கொண்டால் ஓடும் மின்னோட்டம் 6.6 மில்லியாம்பியர். அதே இடத்தில் நீலத்தை வைத்தால் அது 3.1 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதி 1.9தான், ஓடுவது 4 மில்லியாம்பியர். மின்னோட்டம் குறைந்தும் நீலம் கண்ணைக் கூசவைப்பதற்குக் காரணம் புதிய எல்.இ.டி.களின் திறன். ஒன்று, இரண்டு மில்லியாம்பியர் போதும் அவற்றுக்கு. அதனால் ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டுவது நல்லது. குறைப்பது கூடவே கூடாது. விளக்கை இயக்கும் அந்த 74எல்எஸ்259 சிப் உள்வாங்கக்கூடிய மின்னோட்டத்தின் வரம்பு 8 மில்லியாம்பியர். வெளிச்சம் போதவில்லை என்று ரெசிஸ்டரைக் குறைத்துக்கொண்டே போனால் கெடப்போவது விளக்கு அல்ல, அந்தச் சிப்.

எல்லாக் கணினியிலும் விளக்கு இப்படி ஒற்றை வேலை செய்வதில்லை. கமடோர் நிறுவனத்தின் அமிகா 500இல் பவர் விளக்கு ஒலியோடும் தொடர்புடையது. ஒலியின் கூர்மையை மழுக்கும் ஒரு ஃபில்டரை மென்பொருள் அணைக்கும்போது பவர் விளக்கும் மங்கும். இசைக்கோப்பு கேட்பவர்கள் அந்த மங்கலைப் பார்த்தே ஃபில்டரின் நிலையை அறிவார்கள். அங்கே திறன் மிகுந்த புது விளக்கை வைத்தால், முழு வெளிச்சமும் அரை வெளிச்சமும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியக்கூடும். இயந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு செய்தி அதோடு நின்றுபோகும். அதே நிறுவனத்தின் 1541 டிஸ்க் டிரைவ், பிழை நேர்ந்தால் விளக்கைச் சிமிட்டித்தான் சொல்லும். மாறாக, கமடோர் 64இல் பவர் விளக்கு ஒரு சிறு வயரும் பிளக்குமாகத் தனியே வரும். சால்டரிங் இல்லாமல் கழற்றலாம், நினைத்தபோது பழையதைத் திரும்ப மாட்டலாம். அந்தக் கணினியில் நிறம் மாற்றிப் பார்ப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இயந்திரமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

பிபிசி மைக்ரோவில் அப்படி முடியாது. விளக்குகள் விசைப்பலகைப் பலகையிலேயே சால்டர் செய்யப்பட்டவை. செய்முறை தெரிந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மெயின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மூடியைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளின் அருகே ‘ஃபிக்ஸ்’ என்று அச்சிட்டிருக்கும்: பின்புறம் இரண்டு, அடியில் இரண்டு. மூடியை எடுத்து, பட்டைக் கேபிளை மெல்ல உருவி, விசைப்பலகையைத் தனியே எடுங்கள். விளக்கின் உடலில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அது நெகட்டிவ் பக்கம். கழற்றுவதற்கு முன் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சால்டரின் மேல் கொஞ்சம் புதிய சால்டரை வைத்து உருக்கினால் எளிதில் இளகும். பிறகு சால்டர் பம்பால் உறிஞ்சுங்கள். மூன்று நொடிக்கு மேல் அயர்னை ஒரே இடத்தில் வைத்தால் பலகையில் ஒட்டியிருக்கும் செம்பு வளையம் பிரிந்து வந்துவிடும், அதை ஒட்டவைப்பது பெரும்பாடு.

திறந்த கையோடு இன்னொன்றையும் கவனியுங்கள், ஏனென்றால் இது விளக்கைவிட அவசரமானது. பவர் சப்ளைப் பெட்டிக்குள் மெயின் இணைப்பில் இருக்கும் பழைய காகித வகை கெப்பாசிட்டர்கள், வயதாகி உடலெங்கும் வெடிப்பு விட்டிருக்கும். அந்த வெடிப்பு வழியே ஈரம் ஏறி, ஒருநாள் சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்கப் புகையடிக்கும். எங்கள் மலையின் ஈரக்காற்றில் இது கூடுதல் ஆபத்து. அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து முதலில் அவற்றை மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியை நீங்களாகத் திறக்க வேண்டாம்.

இனி மனிதர்களின் வாதம். ‘என் காசு கொடுத்து வாங்கிய பொருள், என் விருப்பம்’ என்பது ஒரு பக்கம். ‘ஒரு திருகைக்கூட மாற்றக்கூடாது’ என்பது மறுபக்கம். இரண்டாவது பக்கத்தாரில் சிலர், மஞ்சளித்த பிளாஸ்டிக் உறையை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெளுக்கவைப்பதை மட்டும் தவறாக நினைப்பதில்லை. விளக்கை மாற்றுவதைவிட அது பெரிய மாற்றம். திரும்பப் பெற முடியாதது. இந்த வாதம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திருப்பணி என்ற பெயரில் கல்தூண்களுக்கு எனாமல் பெயிண்ட் அடித்ததையும், மணல்வீச்சில் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோனதையும் பார்த்தவர்கள் நாம். செய்தவர்கள் எவரும் கோயிலைக் கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை, பளிச்சென்று இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிடலாம். தேய்ந்த எழுத்து வராது. கணினிக்கும் இதே அளவுகோல் போதும் என்பது என் முடிவு. திரும்ப எடுக்கக்கூடிய மாற்றமா? எடுத்த பொருள் பத்திரமாக இருக்கிறதா? செய்ததை எழுதிவைத்திருக்கிறோமா?

இதன்படி என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக எரியும் பழைய சிவப்பைத் தொடாதீர்கள். எல்.இ.டி. பழைய குண்டு பல்புபோலப் பட்டென்று போகாது. ஆண்டுக்கணக்கில் மெல்ல மங்கும், அந்த மங்கலுக்கும் ஒரு வயது உண்டு. எரியாமல் போனால் சிவப்பையே வையுங்கள். நாள்தோறும் புழங்குகிற, ஏற்கெனவே பல பாகங்கள் மாறிவிட்ட இயந்திரத்தில், மூன்றையும் பிரித்தறியத்தான் வேண்டும் என்றால் மஞ்சளும் பச்சையும் வைக்கலாம். அவை அந்தக் காலத்தில் இருந்த நிறங்கள். நீலமும் வெள்ளையும் வேண்டாம். பள்ளியின் பெயரோ ‘கிளாஸ்’ திட்டத்தின் முத்திரையோ இருக்கும் இயந்திரம் என்றால் எந்த நிற மாற்றமும் வேண்டாம். அது ஒருவருக்கு மட்டும் சொந்தமான பொருள் அல்ல, நம் கல்வி வரலாற்றின் சாட்சி.

அந்தச் சாட்சிகள் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கின்றன. 1990களில் ஐபிஎம் வகைக் கணினிகள் பள்ளிகளுக்கு வந்தபோது இவை ஸ்டோர் ரூமுக்குப் போயின. அங்கிருந்து பழைய இரும்போடு எடைக்குப் போனவை பல. என்னுடையதைச் சேலத்தில் ஒரு பழைய சாமான் கடையில், தையல் மெஷின் தலைகளுக்கு அடியிலிருந்து எடுத்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையேறினேன்.

ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் பள்ளியின் பூட்டிய அறையில் கறுப்பு விசைகளும் செம்மஞ்சள் விசைகள் ஒரு வரிசையும் கொண்ட, வெளிர்நிற உறைபோட்ட கனமான விசைப்பலகைப் பெட்டி ஒன்று கிடந்தால், அதை எடைக்குப் போட விடாதீர்கள். உடனே சுவிட்சையும் போட்டுவிடாதீர்கள். பவர் சப்ளையைச் சரிபார்த்த பிறகு போடுங்கள். எதையாவது கழற்ற நேர்ந்தால், கழற்றிய விளக்கை ஒரு சிறு மாத்திரைப் புட்டியில் போட்டு, தேதியையும் எந்த விளக்கு என்பதையும் எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள். நான் தொலைத்ததை நீங்கள் தொலைக்க வேண்டாம்.